கொஞ்சம் ஆட்டம் இருக்கணும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைகல்லை ஒட்டி, ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு காலத்தில் விறகு அடுக்கி வைத்திருந்தோம். காஸ் வந்த பிறகு உடைந்த நாற்காலிகளும் பழைய பாத்திரங்களும் குடிவந்தன. சில வருடங்களுக்கு முன் ஊதியக் குழு நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது, அதையெல்லாம் காலி செய்துவிட்டு அங்கே ஒரு லேத் வாங்கிப் போட்டேன். மேசை மேல் வைக்கிற சின்ன லேத்துதான். எடை நாற்பது கிலோ இருக்கும். முப்பது சென்டிமீட்டர் நீளத் துண்டு வரை பிடிக்கலாம்.

"எழுபது வயசுல எல்லாரும் காசிக்குப் போறாங்க. இவர் கடைசல் பட்டறை வைக்கிறார்" என்று என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. சிறு வயதில் புதுச்சேரி ஸ்டேஷனுக்குப் போய், விழுப்புரம் வண்டியின் நீராவி எஞ்சினை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். 1879-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. வண்டி கிளம்பும்போது அந்தப் பெரிய தண்டு முன்னும் பின்னும் போய், சக்கரம் திரும்பும். முன்னும் பின்னும் போவது எப்படி வட்டமாக மாறுகிறது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய அதிசயம். பிறகு படிப்பு, வேலை, குடும்பம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கையில் பேனா தவிர வேறு கருவி பிடித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகாவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீராவி எஞ்சினை என் கையால் செய்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் எடுத்துக்கொண்டது ஆடும் சிலிண்டர் எஞ்சின். இருப்பதில் எளியது அதுதான். அதில் வால்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது. சிலிண்டரே ஓர் அச்சில் தொங்கிக்கொண்டு, கடிகார ஊசல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். அதன் பக்கவாட்டில் ஒரு துளை. ஒரு பக்கம் ஆடும்போது அந்தத் துளை ஆவி வருகிற வழியோடு பொருந்தும். பிஸ்டன் தள்ளப்படும். மறுபக்கம் ஆடும்போது ஆவி வெளியேறுகிற வழியோடு பொருந்தும். பிஸ்டன் திரும்பி வரும். அந்தத் திரும்பும் வேலையைச் சுழல்கிற சக்கரத்தின் வேகமே செய்துவிடும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பாகங்கள். என் எஞ்சினில் சிலிண்டரின் துளை 12 மில்லிமீட்டர். பிஸ்டன் போய்வரும் தூரம் 16. அதற்காக கிராங்க் பின்னை மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளிப் போடவேண்டும். காகிதத்தில் எல்லாம் சுலபம்.

வேலை கற்றுக்கொடுத்தவர் முதலியார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி. மில்லில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை 'சார்' என்பார், நான் 'மேஸ்திரி' என்பேன். முதல் வாரம் எங்களுக்குள் ஒரு மொழிச் சிக்கல் வந்தது. அவர் பேசுவது நூலும் தவும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எனக்கு மில்லிமீட்டரைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்காது. கடைசியில் 'பாயிண்ட்' என்பதில் ஒத்துப்போனோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒரு பாயிண்ட். ஒரு தவு என்பது இரண்டரைப் பாயிண்ட்.

ஒரு நாள் அவர் மைக்ரோமீட்டரை நீட்டியபோது, என்னை அறியாமல் "பால்மேர்!" என்று சொல்லிவிட்டேன். எங்கள் இயற்பியல் ஆசிரியர் அந்தக் கருவியை அப்படித்தான் சொல்லுவார். 1848-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் பெயர் பால்மேர். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். வகுப்பில் ஒரு செம்புக் கம்பியைக் கொடுத்து அதன் கனத்தை அளக்கச் சொல்லுவார். கருவியை இறுக்கித் திருகினால் கையைத் தட்டிவிடுவார். "எங்க மில்லுல பழைய ஆளுங்க சில பேரு இதை அப்படித்தான் சொல்லுவாங்க சார்" என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து அவருக்கும் அது பால்மேர்தான்.

சிலிண்டரை வெண்கலத்தில் செய்தேன். முதலில் சின்ன டிரில்லால் துளைத்து, பிறகு பெரியதால் பெருக்கி, கடைசியில் 12 மில்லிமீட்டர் ரீமர் விட்டு, எண்ணெய் ஊற்றி மெதுவாக இழுத்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி வந்தது. சிலிண்டர் சட்டத்தோடு உரசும் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை வைத்து, எட்டு எட்டாகத் தேய்த்துச் சமமாக்கினேன். அந்த முகம் சமமில்லை என்றால் ஆவி வழியிலேயே கசிந்துவிடும். இதிலெல்லாம் எனக்குத் தொல்லை வரவில்லை. வந்தது பிஸ்டனில்.

முதல் பிஸ்டனைக் கெடுத்தது என் கணக்கு. பித்தளைத் தண்டு 12.2 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. இன்னும் 0.2 எடுக்க வேண்டும். டயலில் 0.2 திருப்பினேன். அளந்தால் 11.8! டூல் ஒரு பக்கத்திலிருந்து 0.2 உள்ளே போனால், துண்டு சுழலுவதால் எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு போய்விடும். ஒன்றுக்கு இரண்டாகக் கழியும். லேத் பழகுகிற எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு இது என்று மேஸ்திரி ஆறுதல் சொன்னார். அலுவலகத்தில் தப்பாக எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடலாம். சீவிப்போட்ட பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது.

இரண்டாவதைக் கவனமாகக் கடைந்தேன். கடைசியில் எமரி பேப்பர் பிடித்து மெருகேற்றி அளந்தேன். சுத்தமாக 12.00. திருப்தியோடு தூங்கப் போனேன். காலையில் மறுபடி அளந்தால் 11.99. இரவில் யார் வந்து ஒரு பாயிண்ட் திருடினார்கள்? யாரும் இல்லை. எமரி உரசலில் துண்டு கை சுடுகிற அளவு சூடாக இருந்தது. சூட்டில் பித்தளை விரியும். நாற்பது டிகிரி சூடு ஏறினால் 12 மில்லிமீட்டர் பித்தளை ஏறக்குறைய ஒரு பாயிண்ட் பெருக்கும். நான் அளந்தது சூட்டோடு. ஆறியதும் அது தன் உண்மையான அளவுக்கு வந்துவிட்டது. 'ஒரு பாயிண்ட் குறை' என்று அதைக் கழிவுத் துண்டுகள் போடுகிற பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டேன்.

மூன்றாவதை ஆறவிட்டு ஆறவிட்டு அளந்து, இரண்டு நாள் எடுத்துச் செய்தேன். ஆறிய பிறகும் 12.00. சிலிண்டர் துளை 12, பிஸ்டன் 12. வரவும் செலவும் நேர். எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினால் இறுக்கமாக உள்ளே போனது. காற்றுகூட நுழையாது என்று பெருமைப்பட்டேன். எல்லாவற்றையும் மாட்டிச் சக்கரத்தைத் திருப்பினேன். கால் சுற்று வந்து நின்றுவிட்டது. கொஞ்சம் பலம் கொடுத்தேன். இன்னும் இறுகியது. பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தார். பால்மேரில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"கணக்குல ஒண்ணும் தப்பில்ல சார். ஆனா ஆட்டம் விடலையே."

"ஆட்டம் விட்டா ஆவி கசியாதா?"

"கொஞ்சம் ஆட்டம் இருக்கணும் சார். எண்ணெய் எங்க நிக்கும்? உங்க கிராங்க் பின்னு ஒரு முடி சாய்ஞ்சிருக்குன்னு வைங்க. அந்தச் சாய்வை யாரு வாங்கிக்கிறது? மத்ததெல்லாம் நூத்துக்கு நூறு நேரா இருந்தாத்தான் இவ்வளவு இறுக்கம் ஓடும். நூத்துக்கு நூறு எங்க சார் இருக்கு?"

ஆட்டம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தளர்வுக்கும் அதுதான், விளையாட்டுக்கும் அதுதான். பிரெஞ்சிலும் இப்படியே. இரண்டு பாகங்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியை 'ஜெ' என்பார்கள். குழந்தைகள் விளையாடுவதற்கும் அதே சொல். பள்ளியில் விளையாட்டு என்ற அர்த்தத்தில் மட்டுமே எனக்கு அது தெரியும். இன்னொரு அர்த்தத்தை எழுபது வயதுக்கு மேல் முதலியார்பேட்டையில் தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரி மேசை இழுப்பறையிலிருந்து, எண்ணெய்க் கறை படிந்த ஓர் அட்டவணையை எடுத்துக் காட்டினார். எந்தத் துளைக்குள் எந்தத் தண்டு எப்படிப் போகவேண்டும் என்பதற்கான அளவுகள். உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான். 12 மில்லிமீட்டர் துளைக்கு 'எச் 7' என்று போட்டால், அது 12.000-லிருந்து 12.018 வரை எதுவாக இருந்தாலும் சரி. அதற்குள் போகிற தண்டுக்கு 'ஜி 6' என்றால், 11.983-லிருந்து 11.994 வரை எதுவாக இருந்தாலும் சரி. இந்த இரண்டு எல்லைக்குள் இருக்கிற எதையும் கழிக்கக் கூடாது. அதைத் தாண்டினால் ஏற்கக் கூடாது.

அந்த அட்டவணையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தப்பலாம் என்பதை, வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்! நான் வேலை பார்த்த முப்பத்தைந்து வருடத்தில் எந்த விதிப் புத்தகத்திலும் அப்படி ஒரு பத்தி பார்த்ததில்லை. அப்போதுதான் அந்த ஃபைல் நினைவுக்கு வந்தது.

1980-களின் நடுவில் நடந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். தப்பு என்னுடையது. நான் அப்பர் டிவிஷன் கிளார்க். பென்ஷன் ஃபைல்கள் என் மேசைக்கு வரும். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர். அரசுத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் ஓர் 'உ' இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் அந்த 'உ'வை ஓ, யு என்று இரண்டு எழுத்தால் எழுதியிருந்தது. அது பிரெஞ்சு முறை. சர்வீஸ் புத்தகத்தில் ஆங்கில முறைப்படி யு மட்டும். நம் ஊரில் ஆயிரம் பேருக்கு இப்படி உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு எழுத்து, தம்பி ஒரு எழுத்து. இரண்டும் ஒரே பெயர்தான் என்பது அந்த அறையில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிரெஞ்சிலேயே பாடம் படித்தவன் நான். பள்ளி நோட்டுகளில் என் பெயரையே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

'பெயரில் வேறுபாடு உள்ளது. தெளிவுபடுத்தவும்' என்று குறிப்பு எழுதித் திருப்பினேன்.

அவர் ஒரு சான்று கொண்டுவந்தார். அதில் தலைப்பெழுத்து விடுபட்டிருந்தது. திருப்பினேன். இரண்டாவது முறை கொண்டுவந்ததில் முத்திரை தெளிவாக இல்லை. திருப்பினேன். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் என் ஃபைல்களில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு நல்ல பெயர். சூப்பரிண்டெண்ட் மற்றவர்களிடம் என் ஃபைலை எடுத்துக் காட்டுவார். அந்தப் பெயரை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். பாகூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வராந்தா பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு நேரமில்லை.

ஆணையை வாங்க வந்த அன்று, கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவராகச் சொன்னார்: "நடுவுல மாட்டை வித்துட்டோம் சார். பரவாயில்ல. இனிமே மாசாமாசம் வரும் இல்ல?" கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்தவரிடம் சொல்லுவது போலச் சொன்னார். நான் "வரும்" என்றேன். பதிவேட்டை மூடினேன். அவ்வளவுதான்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இறந்தவர் பெயரில் பென்ஷன் வாங்க வந்த ஒருவரை, இதே மாதிரிப் பெயரைத் துருவித் துருவிப் பார்த்துத்தான் நான் பிடித்தேன். தொளதொளவென்று இருக்கிற பிஸ்டனும் ஓடாது. ஆவி முழுக்கப் பக்கத்தில் கசிந்துவிடும். ஆனால் எந்த இடத்தில் ஒரு பாயிண்ட் முக்கியம், எந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரே போனாலும் பாதகமில்லை என்று தெரிந்திருப்பதுதான் வேலை தெரிந்ததற்கு அடையாளம். என் எஞ்சினில் சக்கரத்தின் விட்டம் 50 என்று படத்தில் இருக்கிறது. நான் செய்தது 49.6. மேஸ்திரி அதை அளக்கக்கூட இல்லை. அந்தத் தோட்டக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அங்கே ஓர் எழுத்து என்பது சக்கரத்தின் விட்டம். நான் அதைப் பிஸ்டன் மாதிரி அளந்தேன்.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு: "ரெண்டாவதா ஒண்ணு செஞ்சேன்னீங்களே சார், ஒரு பாயிண்ட் கம்மின்னு. அது எங்க?"

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடினேன். பித்தளைச் சுருள்களுக்கு நடுவே கிடந்தது. துடைத்து, மறுநாள் காலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலிண்டரின் ஒரு வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, எண்ணெய் தொட்ட பிஸ்டனை மேலிருந்து விட்டார். பொத்தென்று விழவில்லை. நிற்கவும் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று வழிவிட வழிவிட, மெதுவாக இறங்கியது. கட்டைவிரலை எடுத்ததும் சட்டென்று அடிக்குப் போனது. "இதுதான் சார் பிஸ்டன்" என்றார்.

அன்று மாலை பின்கட்டில் எஞ்சினை மாட்டினேன். ஆவிக்குப் பதிலாக முதலில் காற்று. பழைய ஸ்கூட்டர் டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எஞ்சினுக்கு இழுத்திருந்தேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். கிளிப்பைத் தளர்த்திச் சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். இரண்டு முறை முக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. டுக்டுக்டுக்கென்று சிலிண்டர் ஆட, சக்கரத்தின் ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. டியூபில் காற்றுத் தீருகிற வரை, முக்கால் நிமிடம் ஓடியது.

"இன்னொரு தடவை விடுங்க" என்றாள். பம்பை அவளே எடுத்து அடித்தாள்.

தோட்டக்காரர் இப்போது இருக்க நியாயமில்லை. அப்போதே அறுபது. அவருக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஓய்வூதியச் சான்று, வாரிசுச் சான்று என்று யாராவது விவரம் கேட்டு வீட்டுக்கு வந்தால், முதலில் உட்காரச் சொல்கிறேன். பழைய பிரெஞ்சுப் பதிவேட்டு நகலைப் படித்து, இரண்டு பெயரும் எப்படி ஒன்று என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. எடுத்துச் சொல்ல அவர்களுக்கு உதவும்.

மூன்றாவது பிஸ்டனை மேஸ்திரி தூக்கிப்போடச் சொன்னார். நான் போடவில்லை. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் எடுத்து அளந்தால் சுத்தமாக 12 காட்டும். கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடாது, அவ்வளவுதான்.